கறி அளவுக்கு நறுக்கிய தேங்காய்

அந்தச் சனிக்கிழமை என் கணவர் நான்கு மணிக்கே கடையை அடைத்துவிட்டு வந்தார். செவ்வாய்ப்பேட்டையில் துண்டு, லுங்கி மொத்த வியாபாரம் செய்கிறார். சொந்தத்தில் சாவு என்றால் தவிர வேறு எதற்கும் அவர் கடையை நேரத்தோடு அடைத்து நான் பார்த்ததில்லை. குளித்துவிட்டு வந்து, பீரோவில் மடித்து வைத்திருந்த நீலச் சட்டையை எடுத்து அவரே இஸ்திரி போட்டார். கண்ணாடி முன்னால் கொஞ்ச நேரம் நின்றுவிட்டு, சென்ட் அதிகமாகிவிட்டதா என்று கேட்டார். இல்லைங்க என்றேன். உண்மையில் அதிகம்தான். அதைச் சொல்லவெல்லாம் எனக்கு அன்றைக்கு மனம் ஓடவில்லை. கேட்க வேண்டிய கேள்விகளை வரிசை மாறாமல் மனசுக்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

கல்யாண நாளை ஒட்டி இரண்டு பேருமாக ஒரு சமையல் வகுப்புக்குப் போகலாம் என்று நான்தான் அவரிடம் சொல்லியிருந்தேன். அஸ்தம்பட்டியில் ஒரு பெண் தன் வீட்டு மாடியில் சனிக்கிழமைதோறும் புருஷன் பெண்டாட்டியாக வருகிறவர்களுக்கு மட்டும் வகுப்பு நடத்துகிறாள், சேர்ந்து சமைத்து அங்கேயே சேர்ந்து சாப்பிட்டுவிட்டு வரலாம் என்றேன். பதினெட்டு வருடமாக இருவரும் தனியாக வெளியே போனது என்றால் ஆஸ்பத்திரிக்கும் வங்கிக்கும்தான். அவர் கொஞ்ச நேரம் என் முகத்தையே பார்த்தார். நிஜமாகத்தான் சொல்கிறாயா என்று இரண்டு தடவை கேட்டார். மறுநாள் கடைக்காரர்களிடம் எல்லாம் சொல்லியிருக்கிறார் என்று பிறகு தெரிந்தது.

அவர் பெயரில், அவர் போன் நம்பரில் இடம் பிடித்தேன். என் பெயரைப் பார்த்தால் அந்தப் பெண் இடம் காலியில்லை என்று சொல்லிவிடுவாள். நான் சமைக்கப் போகவில்லை. வந்திருக்கிறவர்கள் அத்தனை பேர் முன்னாலும் அவளைப் பொய்க்காரி என்று காட்டிவிட்டு வரப் போனேன்.

அவளை எனக்கு எப்படித் தெரியும் என்று சொல்லிவிடுகிறேன். என் பெண்ணும் அவள் பையனும் அஸ்தம்பட்டியில் ஒரே டியூஷனில் படித்தார்கள். எங்கள் வீடு அயோத்தியாப்பட்டணத்தில். பிள்ளையை விட்டுவிட்டு வீட்டுக்கு வந்து திரும்பப் போவதற்குள் டியூஷன் முடிந்துவிடும். அதனால் அங்கேயே காத்திருப்பேன். அவளும் காத்திருப்பாள். அவள் வீடு இரண்டு தெரு தள்ளித்தான் என்றாலும் எனக்காகவே உட்கார்ந்திருப்பாள். எதிரில் இருந்த பேக்கரியின் பிளாஸ்டிக் நாற்காலிகளில் இரண்டு வருடம் தினமும் ஒன்றரை மணி நேரம் பேசினோம். அவள் என்னைவிட நாலு வயது சின்னவள். அக்கா, அக்கா என்று கையைப் பிடித்துக்கொண்டு பேசுவாள். திருச்செங்கோட்டுக்காரி. அவள் அப்பாவுக்கு நான்கு ரிக் வண்டிகள். ஆந்திரா, மத்தியப்பிரதேசம் என்று ஊர் ஊராகப் போய் ஆழ்துளைக் கிணறு போடுகிற வண்டிகள். வீட்டில் சமையலுக்குத் தனியாக ஆள் இருந்ததாகவும், கல்யாணமாகி வரும்வரை அடுப்பு பற்றவைக்கத் தெரியாது என்றும் அவளே சிரித்துக்கொண்டு சொல்லியிருக்கிறாள்.

எங்கள் கதை வேறு. குமாரபாளையத்தில் அப்பா கூலிக்குத் தறி ஓட்டினார். அப்பா, அம்மா, அப்பாவின் தம்பிகள் இரண்டு பேர், பிள்ளைகள் நாங்கள் நாலு பேர் என்று வீட்டில் எட்டுப் பேர். மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை அரைக்கிலோ கோழிக்கறி வரும். அதை எட்டுப் பேருக்கு எப்படிப் பங்கு வைப்பது? அம்மா கறியைச் சுண்டுவிரல் நுனி அளவுக்கு வெட்டச் சொல்லி வாங்கிவரச் சொல்வாள். முற்றிய தேங்காயை உடைத்து, அதே அளவுக்கு, அதே மாதிரி கோணல்மாணலாக நறுக்குவாள். சின்ன வெங்காயம், விதை எடுத்த வரமிளகாய், மஞ்சள் எல்லாம் போட்டு, தேங்காயையும் கறியையும் ஒன்றாகவே வதக்குவாள். இரண்டும் ஒரே நிறத்துக்கு வரும்வரை அடுப்பை விட்டு நகரமாட்டாள். நாற்பது வாட்ஸ் பல்பு வெளிச்சத்தில் தட்டில் எது கறி, எது தேங்காய் என்று கண்ணால் கண்டுபிடிக்க முடியாது. கடித்துப் பார்த்தால்தான் தெரியும். எனக்குக் கறி வந்தது, உனக்குத் தேங்காய் வந்தது என்று நாங்கள் அதை ஒரு விளையாட்டாகவே ஆக்கியிருந்தோம்.

அம்மாவின் தட்டில் இருந்தது முழுக்கத் தேங்காய்தான். ஒரு துண்டுகூடக் கறி கிடையாது. அவளுக்கு மட்டும் எது எது என்று தெரியும், பொறுக்கி எடுத்து வைத்துக்கொள்வாள். எனக்குப் பதினோரு வயதில், அம்மாவின் தட்டில் கை வைத்து ஒரு துண்டை எடுத்துத் தின்றபோது அது எனக்குத் தெரிந்துபோனது. இன்னொன்று எடுத்தேன், இன்னொன்று எடுத்தேன். எல்லாம் தேங்காய். அம்மா என் கையைத் தட்டிவிட்டு, யாரிடமும் சொல்லாதே என்பதுபோலப் பார்த்தாள்.

பிறகு அண்ணன் தலையெடுத்து விசைத்தறி போட்டு, அது நாலாகி, எட்டாகி, வீடு மாறிவிட்டது. என் கல்யாணத்துக்கு முன்னால் அம்மா என்னிடம் ஒரே ஒரு விஷயம் கேட்டுக்கொண்டாள். ராசிபுரத்தில் மாப்பிள்ளை வீட்டார் வசதியானவர்கள், அங்கே போய்ப் பழைய பஞ்சப்பாட்டைப் பாடாதே என்றாள். நானும் பாடவில்லை. என் கணவர் மாமியார் வீட்டுக்கு வந்தால் அம்மா இலை நிறையக் கறி வைப்பாள். தேங்காய்த் துண்டு ஒன்றுகூட இருக்காது. அதனால் அவருக்கு அந்த வறுவலே தெரியாது.

ஆனால் இவளிடம் சொன்னேன். ஒரு மழை நாள், டியூஷன் வாசலில் தண்ணீர் தேங்கி நின்றது, பேக்கரிக்குள் நாங்கள் இருவர் மட்டும். அம்மாவின் தட்டைப் பற்றிச் சொல்லும்போது எனக்கு அழுகை வந்துவிட்டது. அவளும் அழுதாள். அந்த வாரமே தன் வீட்டுக்கு என்னைக் கூட்டிப்போய், அதைச் செய்து காட்டச் சொன்னாள். கூடவே நின்று தேங்காய் நறுக்கினாள். நான் அதை அன்பு என்று நினைத்தேன்.

அடுத்த வருடம் அவள் போனில் சமையல் வீடியோ போட ஆரம்பித்திருந்தாள். அதில் பிரபலமானது அந்த வறுவல்தான். என் பெண்தான் கொண்டுவந்து காட்டினாள். அதில் அவள் தேங்காயை நறுக்கிக்கொண்டே, எங்க அம்மா அரைக்கிலோ கறியை எட்டுப் பேருக்குப் பங்கு வைப்பாங்க என்கிறாள். எங்க அம்மா தட்டுல மட்டும் தேங்காய்தான் இருக்கும் என்று சொல்லும்போது குரல் உடைந்து, முந்தானையால் கண்ணைத் துடைக்கிறாள். கீழே நூற்றுக்கணக்கான பேர், உங்கள் அம்மா தெய்வம் என்று எழுதியிருந்தார்கள்.

நான்கு ரிக் வண்டிக்காரர் மகள். எங்களிடம் சோற்றுக்கு இல்லாமல் போனதைக்கூட அவள் விட்டுவைக்கவில்லை. செய்முறையை மட்டும் எடுத்திருந்தால் நான் சும்மா இருந்திருப்பேன் என்று நினைக்கிறேன்.

போன் செய்து கேட்டேன். சிரித்தாள். ஒரு கதைதானே அக்கா, யார் சொன்னால் என்ன, நம்ம சமையல் நாலு பேருக்குப் போய்ச் சேருதில்ல என்றாள். எடுத்துவிடு என்றேன். சரி பார்க்கிறேன் என்றாள். எடுக்கவில்லை. அதற்குப் பிறகு என் போனை எடுப்பதையும் நிறுத்திவிட்டாள். டியூஷனுக்கு வரும் இன்னொரு அம்மாவிடம், அந்தக்காவுக்கு என்மேல் பொறாமை, அவரால் முடியாததை நான் செய்கிறேன் என்று சொன்னாளாம். அந்த அம்மா ஒன்றும் தெரியாதவள்போல என்னிடம் வந்து அதைச் சொன்னாள்.

ஒன்றரை வருடம் காத்திருந்தேன். பாத்திரம் தேய்க்கும்போதும் துணி காயப்போடும்போதும் அவளை எங்கே, எப்படி நிறுத்துவது என்பதுதான் யோசனை. வீடியோவுக்குக் கீழே எழுதினால் அழித்துவிடுவாள். வீட்டுக்குப் போய்ச் சண்டை போட்டால் அவளும் நானும் மட்டும்தான், பார்க்க ஆள் இருக்காது. அவள் இந்த ஜோடி வகுப்பை ஆரம்பித்திருக்கிறாள், இந்த மாதம் அந்த வறுவலைத்தான் சொல்லித்தருகிறாள் என்று தெரிந்தபோது எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை.

ஸ்கூட்டரில் போனோம். அவர் ஓட்ட, நான் பின்னால். ஆத்தூர் ரோட்டில் லாரிகளுக்கு நடுவில் அவர் ஏதோ பாட்டு முனகிக்கொண்டு வந்தார். அவர் முனகி நான் கேட்டு வருடக்கணக்காகிறது.

மாடியில் ஆறு மேசை, ஆறு அடுப்பு. சுவரில் சிவப்பு பலூன்கள். மேசைக்கு இரண்டு ஏப்ரன். எங்களைப் பார்த்ததும் அவள் முகத்தில் சிரிப்பு ஒரு கணம் நின்றுபோனது. என்னை விட்டு அவரைப் பார்த்தாள், மறுபடி என்னைப் பார்த்தாள். சட்டென்று சமாளித்துக்கொண்டு, அக்கா, வாங்கக்கா என்று வந்து கட்டிக்கொண்டாள். நான் கையைத் தொங்கப்போட்டபடி நின்றேன். என்னைத் தன் பழைய சிநேகிதி என்று எல்லோருக்கும் அறிமுகம் செய்துவைத்தாள். என் கணவர் இரண்டு கையாலும் கும்பிட்டார். டியூஷன் சிநேகிதி என்று இவ சொல்வாளே, நீங்கதானுங்களா என்று கேட்டார். அவர் அவளை அதற்கு முன் பார்த்ததில்லை.

நாங்கள் நடு மேசை. பக்கத்தில் புதிதாகக் கல்யாணமான ஒரு ஜோடி. அந்தப் பையன் பெண்டாட்டிக்கு ஏப்ரன் நாடாவைக் கட்டிவிட்டதைப் பார்த்து, என் கணவரும் எனக்குக் கட்டிவிட வந்தார். முடிச்சுப் போடத் தெரியாமல் மூட்டை கட்டுவதுபோல இறுக்கிவிட்டார். பக்கத்து ஜோடி சிரித்தது. அவரும் சிரித்தார்.

அவருக்குத் தேங்காய் நறுக்கும் வேலை. நாக்கு நுனியைப் பல்லில் கடித்துக்கொண்டு, ஒவ்வொரு துண்டாகத் தூக்கிப் பார்த்து நறுக்கினார். துணியில் அளவு பார்த்துப் பழகிய கண். எல்லாம் ஒரே அளவில், சதுரம் சதுரமாக வந்தன. சரியா இருக்குதா அம்மிணி என்று கேட்டார். நான் ஆமாங்க என்றேன், அவர் பக்கம் திரும்பாமலே. என் கண் அவள்மேல்தான் இருந்தது. அவள் ஒவ்வொரு மேசையாக நின்று பேசினாள். எங்கள் மேசைக்கு மட்டும் வந்து நிற்கவில்லை, தூரத்திலிருந்தே தலையாட்டினாள்.

என்னை அங்கே பார்த்ததற்காகவாவது அன்றைக்கு அந்தக் கதையை விட்டுவிடுவாள் என்று ஒரு பக்கம் எனக்குத் தோன்றியது. விட்டிருந்தால் நான் என்ன செய்திருப்பேன் என்று தெரியவில்லை. வெங்காயம் வதங்கும்வரைக்கும் அவள் சொல்லவில்லை. என் கணவர் கரண்டியைப் பிடித்துக் கிளறிக்கொண்டே என் காதருகில் குனிந்து, நீ சமையக்கட்டுல இருக்கும்போது உள்ளே வரணும்னு நெனப்பேன், இடைஞ்சலா இருக்கும்னு வரமாட்டேன் என்றார். அந்த நிமிஷம் கோபம் கொஞ்சம் தணிந்தது. போகட்டும், சமைத்துச் சாப்பிட்டுவிட்டு எழுந்துபோய்விடலாம் என்றுகூட நினைத்தேன்.

அப்போது பக்கத்து மேசைப் புதுப்பெண், மேடம், வீடியோவுல உங்க அம்மாவைப் பத்திச் சொன்னீங்களே, அதை நேர்ல கேக்கத்தான் நாங்க வந்தோம் என்றாள்.

அவள் என்னைப் பார்த்தாள். ஒரே ஒரு பார்வை. நான் வாயைத் திறக்கமாட்டேன் என்று முடிவு செய்துகொண்டாள் போலிருக்கிறது. கரண்டியைக் கீழே வைத்துவிட்டு ஆரம்பித்தாள். எட்டுப் பேர், அரைக்கிலோ கறி, மங்கல் பல்பு. ஒன்று விடாமல் சொன்னாள். சின்னப் பெண்ணாகத் தான் அம்மாவின் தட்டில் கை வைத்தது வரைக்கும் சொன்னாள். அது வீடியோவில்கூட இல்லை. அதை நான் அந்த மழை நாளில் மட்டும்தான் சொல்லியிருந்தேன்.

நான் அடுப்பை அணைத்தேன். "ஏனுங்க, ஒண்ணு கேக்கலாமுங்களா?" என்றேன். அவளை நீங்க என்று அதற்கு முன் நான் அழைத்ததே இல்லை.

எல்லோரும் திரும்பினார்கள். அவள் சொல்லுங்கக்கா என்றாள். உங்கள் அப்பா என்ன தொழில் செய்தார் என்று கேட்டேன். உங்கள் வீட்டுக்கு முன்னால் நான்கு ரிக் வண்டிகள் நிற்குமே, அதற்கு முன்னாலா பின்னாலா இந்த அரைக்கிலோ கறி என்று கேட்டேன். அந்த எட்டுப் பேர் யார் யார், பெயர் வேண்டாம், முறை மட்டும் சொல்லுங்கள் என்று கேட்டேன். அவள் உங்கள் கேள்வி எனக்குப் புரியவில்லை என்று ஏதோ சொல்ல வந்தாள்.

"நான் சொல்றனுங்க," என்றேன். "எங்கப்பா, எங்கம்மா, சித்தப்பனுங்க ரெண்டு பேரு, நாங்க நாலு பேரு. தட்டுல கை வெச்சது நானு. அது என்ற அம்மா. உங்களோட அம்மா இல்லீங்க."

புதுப்பெண் தன் புருஷனைப் பார்த்தாள். யாரோ ஒருவருடைய சட்டியில் எண்ணெய் சடசடத்தது. அவள் மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டு நின்றாள். கழுத்திலிருந்து சிவப்பு ஏறி, காது வரைக்கும் போனது. கண் கலங்கிவிட்டது. மிளகாய் நெடி என்று சொல்லி மின்விசிறியைப் போடப் போனாள். போட்டுவிட்டு, திரும்பாமலே நின்று சொன்னாள்.

"ஆமாங்க. அது அக்காவோட அம்மா கதைதான். நான் சொல்லியிருக்கக் கூடாது."

அந்த வாசகத்துக்காக ஒன்றரை வருடம் காத்திருந்தேன். கேட்டபோது எனக்கு உடம்பெல்லாம் குளிர்ந்தது. அவ்வளவு நன்றாக இருந்தது, பொய் சொல்ல விரும்பவில்லை. ஆனால் அடுத்து என்ன செய்வது என்று நான் யோசித்து வைத்திருக்கவில்லை. என் திட்டம் அதோடு முடிந்துபோயிருந்தது. அங்கிருந்தவர்கள் யாரும் என் பக்கம் வந்து, நல்ல வேளை சொன்னீர்கள் என்று சொல்லவில்லை. ஒரு வயதான ஜோடி ஏப்ரனைக் கழற்றி மடித்து வைத்துவிட்டு இறங்கிப் போனார்கள். மற்றவர்கள் தங்கள் சட்டியையே பார்த்துக் கிளறினார்கள். என் கணவர் கரண்டியைக் கையில் வைத்தபடி என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார். சட்டியில் தேங்காய் பாதி வதங்கியபடி ஆறிக்கொண்டிருந்தது.

போகலாமுங்க என்றேன். அவர் முதலில் அடுப்பு அணைந்திருக்கிறதா என்று குனிந்து பார்த்தார். பிறகு ஏப்ரனை அவிழ்த்தார். வாசலில் நின்று அவளைப் பார்த்து, வாரோமுங்க என்று சொல்லிவிட்டு வந்தார். அது எனக்குச் சுருக்கென்று தைத்தது.

அஸ்தம்பட்டி ரவுண்டானா தாண்டி, அயோத்தியாப்பட்டணம் வரும்வரை அவர் அந்தப் பாட்டை முனகவில்லை. அவர் கோபப்பட்டிருக்கிறார் என்று முதுகைப் பார்த்தே தெரிந்தது. வீட்டு வாசலில் ஸ்கூட்டரை நிறுத்திவிட்டு, சாவியை எடுக்காமல், அதன்மேலேயே உட்கார்ந்திருந்தார்.

"இதுக்குத்தான் என்னையக் கூட்டிட்டுப் போனியா?"

ஆமாம் என்பதுதான் பதில்.

"சரி, அது போகட்டும். உங்கம்மா தேங்காய மட்டும் தின்னாங்கங்கிறது எனக்கு ஏன் தெரியல? பேக்கரியில உக்காந்து அவகிட்டச் சொல்லியிருக்கிற. பதினெட்டு வருசமா எங்கிட்டச் சொல்லல."

அம்மா சொல்லக் கூடாது என்றாள் என்றேன். அவர் தலையாட்டினார், ஏற்றுக்கொண்ட தலையாட்டல் இல்லை. உள்ளே போய் நீலச் சட்டையைக் கழற்றி, அழுக்குக் கூடையில் போடாமல், நாற்காலி முதுகில் மாட்டிவிட்டுப் படுத்துவிட்டார். எங்கள் பெண் எப்படிம்மா இருந்தது வகுப்பு என்று கேட்டாள். நன்றாக இருந்தது என்றேன். அன்றைக்கு நாங்கள் இருவரும் சாப்பிடவில்லை.

மூன்றாம் நாள் அந்த வீடியோ காணாமல் போயிருந்தது. என் பெண் சொல்லித்தான் தெரிந்தது. நான் போனை வாங்கி நானே தேடிப் பார்த்தேன். பழைய இணைப்பை அழுத்தினால், இது இப்போது இல்லை என்று வந்தது. அதை நாலைந்து தடவை அழுத்திப் பார்த்தேன். அடுத்த மாத வகுப்புப் பட்டியலிலிருந்தும் அந்த வறுவலை எடுத்துவிட்டாள். அன்றைக்கு நான் வீட்டில் பாயசம் வைத்தேன். என்ன விசேஷம் என்று என் பெண் கேட்டாள். சும்மாதான் என்றேன். என் கணவர் இரண்டு வாய் குடித்துவிட்டு டம்ளரைக் கீழே வைத்தார். அவருக்குப் புரிந்துவிட்டது.

இரண்டு வாரம் அவர் என்னிடம் வேண்டிய வார்த்தை மட்டும் பேசினார். சண்டை போடுகிற ஆள் இல்லை. சாப்பாட்டில் குறை சொல்லவில்லை, குரலை உயர்த்தவில்லை. கடைக்குப் போகும்போது வாரேன் என்று சொல்வதை நிறுத்தினார், அவ்வளவுதான். பனமரத்துப்பட்டி ஏரியில் தண்ணீர் வந்திருக்கிறதாம், ஞாயிற்றுக்கிழமை போய்ப் பார்த்துவிட்டு வரலாமுங்களா என்று ஒரு நாள் நானே கேட்டேன். அவர் செருப்பை மாட்டிக்கொண்டிருந்தார்.

"அங்க யாரப் பழி வாங்கோணும்?" என்றார்.

கேலி இல்லை. உண்மையிலேயே தெரிந்துகொள்ளக் கேட்பதுபோலத்தான் கேட்டார். யாரையும் இல்லைங்க என்றேன். யோசிக்கலாம் என்று சொல்லிவிட்டுப் போனார். அந்த ஞாயிறு போகவில்லை. அதற்கடுத்த ஞாயிறு அவராகவே வண்டியை எடுத்தார். கரைமேல் உட்கார்ந்து வெகு நேரம் இருவரும் தண்ணீரையே பார்த்தோம். பிறகு அவர், எட்டுப் பேரும் எங்கே படுப்பீர்கள் என்று கேட்டார். தறிக்குழிக்குப் பக்கத்தில் ஆண்கள், அடுப்புப் பக்கம் நாங்கள் என்றேன். மழை வந்தால் என்று கேட்டார். அதையும் சொன்னேன். சொல்லச் சொல்ல எனக்கு ஒரு ஆத்திரம் வந்தது. யார்மேல் என்று தெரியவில்லை. அவர் கேட்பதை நிறுத்தவில்லை. நானும் விடாமல் எல்லாவற்றையும் சொன்னேன். இன்னும் அவர் பழையபடி ஆகிவிடவில்லை. ஆனால் ஏதாவது வேலையாக இருக்கும்போது திடீரென்று ஒரு கேள்வி கேட்பார்.

ஆடி நோம்பிக்கு அம்மாவைப் பார்க்கக் குமாரபாளையம் போனேன். வெற்றியைச் சொல்லவேண்டும் என்று உள்ளுக்குள் துடித்துக்கொண்டிருந்தேன். அண்ணன் புது வீடு கட்டியிருக்கிறார். தரையெல்லாம் கிரானைட், அம்மாவுக்குத் தனி அறை. கட்டிலில் உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னேன். ஒருத்தி உன் கதையைத் திருடி, உன்னைத் தன் அம்மா என்று சொல்லிக்கொண்டு திரிந்தாள், அவளை ஊர் பார்க்க நிறுத்திக் கேட்டேன் என்றேன். அம்மா சந்தோஷப்படுவாள் என்று எதிர்பார்த்தேன். அவள் எழுந்துபோய் அறைக் கதவைச் சாத்தினாள். வெளியே அண்ணி இருந்தாள்.

"அவ சொன்னது கெடக்கட்டும் சாமி. அவளுக்கு ஆரு சொன்னா?"

நான்தான் என்றேன்.

"அப்ப அது போனு வழியா ஊரெல்லாம் போயிருக்குது. இங்கயும் ஆராச்சும் பாத்திருப்பாங்க."

உன் பெயர் எங்கும் வரவில்லை அம்மா, யாருக்கும் தெரியாது என்று சொன்னேன். அந்தக் கதை வெளியே போனதைவிட மோசம் எதுவும் நடந்திருக்க முடியாது என்பதுபோல அவள் என்னைப் பார்த்தாள். தேங்காய் தின்றதைச் சொன்னதற்கு, அதை இத்தனை வருடம் மனசில் வைத்திருந்ததற்கு, பதினோரு வயதில் தட்டில் கை வைத்ததற்கு என்று எல்லாவற்றுக்கும் சேர்த்துத் திட்டினாள். மெதுவான குரலில்தான் திட்டினாள், அண்ணிக்குக் கேட்டுவிடக் கூடாதென்று. நான் தலையைக் குனிந்துகொண்டேன். அவள் சொன்னது நியாயம்தான் என்று பட்டது. ஆனாலும் திரும்ப அதே மாடிக்குப் போகச் சொன்னால் போவேன், அதே கேள்விகளைத்தான் கேட்பேன். அந்த எண்ணம் மாறவே இல்லை.

திட்டி முடித்தாள் அம்மா. கட்டில் விரிப்பின் சுருக்கத்தைக் கையால் நீவிக்கொண்டிருந்தாள். பிறகு என் பக்கம் பார்க்காமல் கேட்டாள்.

"கேட்டப்ப அழுதாளா?"

"அழுதாம்மா."

"நல்லா அழுதாளா?"

மிளகாய் நெடி என்று சொல்லி மின்விசிறியைப் போட்ட அவள் முதுகு எனக்கு நினைவுக்கு வந்தது. கண் கலங்கியதோடு சரி, ஒரு சொட்டுக்கூடக் கீழே விழவில்லை.

"தேம்பித் தேம்பி அழுதாம்மா," என்றேன்.

அம்மா தலையை ஒரு தடவை ஆட்டினாள். எழுந்து சேலையைச் சரிசெய்துகொண்டு, மாப்பிள்ளை எத்தனை மணிக்கு வருகிறார், கறி எடுத்துவரச் சொல்லவா என்று கேட்டபடி கதவைத் திறந்தாள்.